அடிக்கிற கை

பத்து வருடம் முடிந்த அன்று
என் வண்டிக்கு ஒரு நோயும் இல்லை.
சிஓஇ மட்டும் தீர்ந்திருந்தது.
சுங்கை காடுட்டில் ஒப்படைக்கும் முன்
பானட்டைத் திறந்தேன்.
பத்தாம் நம்பர் ஸ்பேனர்,
முதலில் கறுப்பு வயர், பிறகு சிவப்பு.
பேட்டரி மாற்றி நாலே மாதம்.
அதையும் ஏன் உடன்கட்டை ஏற்றுவது?

பதினாலு கிலோ.
சந்தைக்குப் போகும் தள்ளுவண்டிப் பையில்
நேராக நிறுத்தி
யீஷூன் பதினோராம் மாடிக்குக் கொண்டுவந்தேன்.
லிஃப்டில் ரொஹானா கேட்டாள், "பூசணிக்காயா?"
ஆமாம் என்றேன்.

பரிதியின் மூச்சுக்கருவிக்குப் பக்கத்தில்
யுபிஎஸ் செத்துக் கிடந்தது.
உள்ளே இருந்த சின்ன பேட்டரிகள் இரண்டும்
வயிறு உப்பி, வெளியே வர மறுத்தன.
கரண்டிக் காம்பால் நெம்பினேன்.
புது ஜோடி நூற்று நாற்பது வெள்ளி.
வண்டியில்லாத மாதத்தில்
வெள்ளிக்கு எடை கூடியிருந்தது.

இருபத்து நாலு வோல்ட் வேண்டும், ஒன்று போதாது.
ஊபியில் பூன் ஹெங் கேட்டதும்
ஸ்பேனரைக் கீழே வைத்தார்.
"இது அடிக்கிற கை, பிடிக்கிற கை இல்லை.
சாவி திருப்பினால் ஒரே குத்து,
இஞ்சின் எழும், இதன் வேலை முடிந்தது.
நீ இதைப் போய்
விடியும்வரை விளக்கைப் பிடித்து நில் என்கிறாய்."
அரை மலாய், கால் ஆங்கிலம்,
மீதிக் காலுக்கு கிரீஸ் படிந்த விரல்.

பாதிக்கு மேல் வடியவிடாதே.
சார்ஜ் ஏறும்போது வாயு வரும்,
பாம் ஷெல்டரில் வைத்துப் பூட்டாதே.
உன் யுபிஎஸ்ஸே பத்து நிமிடத்துக்குப் பிறந்தது,
ஒரு மணி நேரம் ஓட்டினால் மண்டை காயும்,
காற்றாடி வை.

இவ்வளவும் சொல்லிவிட்டு
குவியலுக்குள் புகுந்து
என்னுடையதற்கு ஜோடி தேடினார்.
அதே கம்பெனி, அதே ஐம்பத்தைந்து, அதே மாத முத்திரை.
மீட்டர் ஊசிகளை வைத்தார்:
பன்னிரண்டு புள்ளி ஆறு. பன்னிரண்டு புள்ளி ஆறு.
எங்கள் கல்யாணத்துக்குக்கூட
யாரும் இத்தனை பொருத்தம் பார்க்கவில்லை.
"ஒன்று தளர்ந்தால் மற்றதையும் இழுத்துக்கொண்டு போகும்,"
என்றார், வேறெதையும் நினைக்காமல்.

சமையலறைக்கு அப்பால்
துணிக்கழி செருகும் ஜன்னலடியில்
பலகை போட்டு இரண்டையும் உட்காரவைத்தேன்.
சிவப்புக்கும் கறுப்புக்கும் ஒரு பாலம்,
வழியில் ஒரு ஃபியூஸ்.
கடைசி முனை தொட்டபோது
கடுகளவு நீலப்பொறி.
"வீடு எரிந்தால்?" என்றான் பரிதி.
"பத்து வருடம் வண்டி எரிந்ததா?"
அது பதிலில்லை என்று இருவருக்கும் தெரியும்.

பிறகு ஒன்றும் நடக்கவில்லை.
இந்த ஊரில் லேசில் கரண்ட் போகாது.
ஏழு மாதம் இரண்டும்
நிறைந்தபடி, கூப்பிடுவாரின்றி.
நான் செங்காங் கிடங்கில்
நின்றுகொண்டே பெட்டி எண்ணினேன்.

ஒரு புதன், இரவு ஒன்று பதினேழு.
ஃபேன் நின்ற மௌனத்தில் விழித்தேன்.
எதிர் பிளாக்கில் விளக்கு, எங்களதில் இல்லை.
பீப். நாலு விநாடி. பீப்.
முகமூடிக்குள் பரிதி
இழுத்தான், விட்டான்,
எதுவும் தெரியாமல்.
ஜன்னலை அகலத் திறந்து
பேட்டரிகளின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.
கையில் மீட்டர்.
இருபத்து நாலு புள்ளி ஒன்பது.
எட்டு. எட்டு.
ஏழு.
ஒரு குத்துக்கென்று செய்தது
குத்தாமல்
ஒரு ஆளின் மூச்சுக்கு வேண்டியதை மட்டும்
அளந்து கொடுத்துக்கொண்டிருந்தது.

நாற்பத்தொரு நிமிடம்.
கரண்ட் வந்ததும் ஃப்ரிட்ஜ்தான் முதலில் உறுமியது.
என் வலது கால் தானாக அழுந்தியது
தரையில், இல்லாத பெடலை.

காலையில் சார்ஜில் வைத்தே பார்த்தேன்.
ஒன்று பதின்மூன்று புள்ளி ஆறு,
மற்றது பதின்மூன்று புள்ளி நாலு.
எது என் வண்டியுடையது என்று
குறித்து வைக்க மறந்திருந்தேன்.